இடது பெண்டர்

ஞாயிற்றுக்கிழமை. கிளினிக் பூட்டு.
பொள்ளாச்சியில் முதல் பஸ் பிடித்து
உக்கடத்தில் இறங்கும்போது கைப்பையில்
கைக்குட்டையில் சுற்றிய காந்தம்,
பெண்டர் விளிம்புக்கு வெட்டிய செய்தித்தாள்,
பல் சுரண்டும் கொக்கி ஒன்று. பழசு,
இனி யார் வாய்க்கும் ஆகாதது.

அறுபத்தாறாம் வருஷத்து ஃபியட்.
போன ஆடியில் வாங்கினேன், தள்ளுபடி இல்லாமல்.
எல்லாம் பரவாயில்லை.
இடது விளக்குக்குக் கீழே மட்டும்
விரல் வைத்தால் உள்ளே போகிறது.

பட்டி வெச்சுத் தேச்சுப் போடலாங்க
என்றார் டிங்கர் ரபீக்.
அடைப்பதா பிடுங்குவதா என்று
நாளைக்கு இருபது பேருக்குச் சொல்கிறவள் நான்.
சுற்றிலும் உறுதி இல்லாத இடத்தில்
எதைக் கொண்டு அடைத்து என்ன?
பிடுங்குங்க என்றேன்.
பிடுங்கினார். உள்ளே
ஒயர், சேறு,
எலி சேர்த்துவைத்த தேங்காய் நார்.

முதல் கடையில் ஃபைபர்.
ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினான் பையன்.
ஆயுசுக்கும் துருவே புடிக்காதுங்கக்கா.
காந்தம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.
ஆயுசுக்கும் என்று
எங்கள் தொழிலில் யாரும் வாய் விடுவதில்லை.

கணபதியில் ஒருவர்
புதுத் தகட்டில் அடித்துத் தருகிறார்.
இருபத்திரண்டு கேஜ். என் முகம் தெரிந்தது.
தட்டினால் எவர்சில்வர் தட்டுச் சத்தம்.
செய்தித்தாளை வைத்துப் பார்த்தேன்:
பானெட் பக்கம் நான்கு மில்லி தூக்கல்.
பீடிங் வெச்சா மறைஞ்சுரும் அம்மணி.
நான் வைக்கிற கேப் அரை மில்லி உயர்ந்தாலே
ராத்திரியோடு தாடையைப் பிடித்துக்கொண்டு
ஆள் வாசலில் நிற்பார்.

மறுபடி உக்கடம். உச்சி வெயில்.
சென்னியப்பன் இரும்புக் கடையில்
பஸ் கதவு இரண்டுக்கு அடியில் கிடந்தது அது.
காந்தம் கையை விட்டுத் தாவி ஒட்டியது.
நெற்றியில் ஒட்டியது, கன்னத்தில் ஒட்டியது,
சக்கர வளைவில் ஓர் இடத்தில் மட்டும்
வழுக்கிக் கீழே விழுந்தது.
குந்தி உட்கார்ந்து கொக்கியால் சுரண்டினேன்.
மேலே பச்சை.
பச்சைக்கடியில் டாக்சிக் கறுப்பு.
கறுப்புக்கடியில் கால் விரல்கடை பட்டி,
அதற்கும் கீழே ஓர் அமுங்கல்,
யாரோ எதிலோ மோதியது.
ஆனால் தகடு நல்ல தகடு. கனம்.
செய்தித்தாள் மடிப்பில்லாமல் உட்கார்ந்தது.

இது எந்த வண்டீதுங்க? என்ன ஆச்சு?
அதெதுக்குங். வண்டில இருந்தப்ப வண்டி.
இப்ப பெண்டரு.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு
கடை ஆட்கள் நின்று பார்த்தார்கள்.
ஏனுங், நீங்க பெயின்டுக் கடையா?
பல்லுங்க.
சென்னியப்பன் உடனே வாயைத் திறந்து
வெயிலுக்குக் காட்டினார்.
கீழ்க்கடைவாயில் இரண்டாவது சொத்தை.
பக்கத்துப் பல்லும் சரியில்லை.

விலை பாதிக்கு இறங்கியது, ஒரு நிபந்தனையோடு:
ஒத்தையாக் குடுக்கறதில்லீங்.
சோடியா வந்துது, சோடியாத்தான் போகோணும்.
என் வலது நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.
இருந்துட்டுப் போகுதுங். எப்பவும் இருக்குமாக்கும்?

கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் போட்டார்.
கிணத்துக்கடவு தாண்டும்வரை
முன்சீட்டுக் குழந்தை
விளக்கில்லாத ஓட்டையில் கையை விட்டு விட்டு எடுத்தது.

இடது வண்டிக்குப் போய்விட்டது.
பச்சையைச் சுரண்டி முடிக்கவில்லை ரபீக்.
வலதுக்கு இடமில்லை. கிளினிக்கில்,
காத்திருக்கிற பெஞ்சுக்குப் பக்கத்தில்
சுவரோரம் சாத்தியிருக்கிறது.

வியாழக்கிழமை சென்னியப்பன் வந்தார்,
வாயில் கிராம்பு, கன்னம் வீங்கி.
டோக்கன் ஏழு. தன் பெண்டரோடு
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
விளக்கை இழுத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் ஒன்றும் இல்லை.
பிடுங்கிரலாமுங்களா?
நாற்காலிக் கையை இறுக்கிக்கொண்டு சொன்னார்:
பட்டி கிட்டி வெச்சுப் பாருங் அம்மணி.