கேள்வி எண் பதினான்கு

தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது விதி.
மோட்டார் கொட்டகையில் இளங்கோவனிடம்,
அடுப்படியில் மங்கையர்க்கரசியிடம்.

'போன வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து
எத்தனை முறை சிரிச்சீங்க?'

அவர் யோசிக்காமல் சொன்னார்: நாலு.
அந்தம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி,
'சிரிக்கவா? கொள்முதல் நிலையத்துல
நெல்லு நனைஞ்சு கெடக்கு.'
பூஜ்யம் என்று குறித்துக்கொண்டேன்.

வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி,
'அவரு எத்தன சொன்னாரு?'
சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
'கூட்டித்தான் சொல்லியிருக்கும் அது.'
திரும்பிக்கொண்டார்.
தோள் லேசாகக் குலுங்கியது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.
இன்ஜின் முன்னே போனது, பின்னே வந்தது.
மிச்சமிருந்த படிவத்தில்
என் பெயரை எழுதினேன்.
பதிமூன்று வரை வேகமாகத்தான் வந்தேன்.

கேட் திறந்துவிட்டது போல,
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.