ஐம்பது மீட்டர் நூல்

காலை நாலே முக்காலுக்கு
பேருந்துப் பணிமனையின் பின்சுவரோரம்
கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.
சுவர்மூலைக்கு அந்தப் பக்கம்
டயர் மாற்றும் தௌனோ
மீன் நிறுக்கும் தராசில் நூலை மாட்டி இழுக்கிறான்.
“எத்தனை கிராம்?”
“நானூறு.”
“நானூற்றி இருபது. இப்போ?”
“இது நீ இல்லை. காற்று.”
மூலை திரும்பி
சிரிப்பு மட்டும் வருகிறது.

செப்டம்பரிலிருந்து இப்படித்தான்
விரலைப் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

தோளுக்குத் தனிப் பாடம்:
வலக்கையை உச்சிக்கு மேல் தூக்கியபடி
ஐந்து மாடி, எட்டு முறை.
மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்து சொல்வாள்,
“விடை தெரிந்தால் சொல்லித் தொலையேன், ஔதி,
எத்தனை நாள்தான் கை தூக்குவாய்?”

கழுத்துக்கு: ஓடும்போது பாதையைப் பார்க்காதே.
விமானம் பின்னால், தலைக்கு மேலே.
பனிக்கட்டியைப் பாதம் படித்துக்கொள்ளட்டும்.
(பாதம் மந்த மாணவன். இரண்டு முறை முட்டி வீங்கியது.
ரௌமா நகரின் ஏழாம் தடப் பயணிகள்
என் பிரேக்கில் அதை உணர்ந்திருப்பார்கள்.)

மனதுக்கு என்ன பயிற்சி என்று
தௌனோ கேட்டான்.
போன வருடம் ஐந்து பேர் நூலை விட்டார்கள்,
நானும் விட்டேன்.
ஆறு விமானங்களும் ஒரே பள்ளத்தில்
படியிறங்குவது போல் இறங்கின.
அதனால் இப்போது கடைக்குப் போனால்
நீளமான வரிசையில் நிற்கிறேன்.
பக்கத்து வரிசை நகரும்.
எனக்கு முன்னே ஒரு கிழவர்
சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணுவார்.
நான் மாறுவதில்லை.
வீட்டுக்கு வரும்போது
வியர்த்திருக்கும்.

பிப்ரவரி. உறைந்த ஏரி. மைனஸ் பதினொன்று.
நான்காம் சுற்று.
நூல்விட்டுப் பார்ப்பது என்பார்களே,
அதைத்தான் ஒன்பது பேர் செய்துகொண்டிருந்தோம்,
எல்லோரும் மேலே பார்த்தபடி, வட்டமாக,
ஒருவர்மேல் ஒருவர் மோதாமல்.
லிதுவேனியப் பையன் ஓடினான், சுண்டினான், விட்டான்.
உடனே மூன்று பேர்.
என் விரலில் நூல் செத்துக் கிடந்தது.
முன்னூறு. முன்னூற்றி இருபது.
இமையில் பனி ஒட்டியது.
கிழவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு யாரோ மேலே
கதவைத் திறந்தது போல ஓர் இழுப்பு.
ஓடினேன்.
எட்டாவது எட்டில், காற்று குவித்திருந்த பனிவரப்பில்
கால் இடறி
மல்லாந்து விழுந்தேன்.

மூச்சு எங்கேயோ போயிருந்தது.
நூல் போகவில்லை.
முதுகின் கீழே ஏரி முனகியது,
வானத்தில் இரண்டு மீட்டர் இறக்கை
எதுவும் நடக்காதது போல் நின்றது.
ஐந்து மாடி ஏறிய கை
என்னைக் கேட்காமல்
ஒரு சுண்டு சுண்டிவிட்டுத்
தன்னைத் திறந்தது.

நூற்று அறுபத்து மூன்று விநாடி.
முழு மதிப்பெண்ணுக்கு நூற்று எண்பது வேண்டும்.
நேரம் குறித்தவர் தொலைநோக்கியை இறக்கி
“படுத்துக்கொண்டா விட்டீர்கள்?” என்றார்,
அதற்கு விதியில் இடமுண்டா என்று
பக்கத்தில் இருந்தவரிடமும் கேட்டார்.
இருந்தது.
கடைசியில் பத்தொன்பதாம் இடம்.
லிதுவேனியப் பையனுக்குத் தொண்ணூற்று நான்கு.
அவன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.
எனக்கு அந்தக் காலணியைத் தெரியும்.

விமானத்தைத் தேடி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன்.
நடுவே துளை போட்டு ஒருவர்
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்,
கையுறை கழற்றிய ஒற்றை விரலில்
தூண்டில் நூல்.
நான் கேட்பதற்குள்
தலை நிமிராமலே தாடையால் திசை காட்டினார்.
போகாமல் கொஞ்சம் நின்றேன்.
விரல் லேசாக அசைந்தது.
“மாட்டிவிட்டதா?”
“ம்ஹூம். தண்ணீர்தான்.”

அவருடைய வாளிக்கு அப்பால்
ஓர் இறக்கை பனியில் குத்தி
சாய்ந்து கிடந்தது என் விமானம்.