நாற்பத்தொன்றாவது நிமிடம்

அந்தப் படத்தில் நான் பதினாறாவது பிணம்.
வேலிக்கு அப்பால், இடது கோடியில்,
ஒரு காலை இழுத்துக்கொண்டு வருவது நான்தான்.
வயது பத்தொன்பது.
சம்பளம் ஒரு ஹாம் சாண்ட்விச், இரண்டு பீர்.

அறுபத்தாறில், ஒஹையோவில்,
மஹோனிங் ஆற்றோரம் எடுத்த படம்.
உயிரைக் கொடுத்து நடி என்பார்கள் மற்ற இயக்குநர்கள்.
டயர்க் கடைக்கு விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த
எங்கள் டுவேன் பிரிக்லர் சொன்னது:
'உயிர் இருப்பது வெளியே தெரியக் கூடாது. அவ்வளவுதான்.'
நடக்க அவன் யாருக்கும் கற்றுத் தரவில்லை.
இரவு ஷிஃப்ட் முடிந்து
உலைக்கு முன்னிருந்து நேரே வந்தவர்கள்
வீட்டுக்கு எப்படிப் போவார்களோ அப்படியே
கேமராவை நோக்கிப் போனார்கள்.

ரத்தம், மிஸஸ் ஹ்ரபோவ்ஸ்கியின் பீட்ரூட் ஊறுகாய்த் தண்ணீர்.
கறுப்பு வெள்ளையில் எல்லாம் ரத்தம்தான்.
குடல் என்று நாங்கள் கடித்து இழுத்தது
மாவில் தோய்த்த நைலான் காலுறை.
காற்றடித்தால் கல்லறை ஆடும்.
ஒரு பிணத்தின் மணிக்கட்டில் கடிகாரம் ஓடுகிறது,
நான்கு பத்து.

வருடாவருடம் அக்டோபர் கடைசிச் சனி
டிரைவ்-இன் திரையில் போடுகிறார்கள்.
பிள்ளைகள் வருகிறார்கள், எங்கெங்கிருந்தோ.
ஆடும் கல்லறைக்குச் சிரிக்கிறார்கள்,
கடிகாரத்துக்குக் கைதட்டுகிறார்கள்.
பௌலிங் கூடத்துக்குள் ஒளிந்த ஐவர்
ஒரு டப்பா பீச்சுக்காக அடித்துக்கொள்ளும்போது
சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.
நாங்கள் ஓடுவதில்லை.
கடன்காரன் ஓடியா வருகிறான்?
நாங்கள் வயலைக் கடந்து முடிப்பதற்குள்
ஒவ்வொரு காரிலும்
கண்ணாடி மெதுவாக மேலே ஏறுகிறது.

முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு வெர்னா.
நாற்பத்தொன்றாவது நிமிடத்தில்
அவள் ஆர்வில் ஜன்னலை உடைப்பான்.
சர்க்கரைக் கண்ணாடிக்குக் காசில்லை; அது நிஜக் கண்ணாடி.
உள்ளங்கையில் ஏழு தையல்.
அந்த ஓரிடத்தில் மட்டும் பீட்ரூட் இல்லை.
பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

'உயிரோடிருந்தவரை ஒரு நாளாவது
நேரத்துக்கு வீடு வந்திருப்பானா?
இப்போது பார், நிமிடம் பிசகுவதில்லை'
என்பாள், கையில் காபியோடு.
அவன் கை திரைக்கு வெளியே நீளும்போது
கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள்.

கதையில் தப்பிப் பிழைத்த இருவரும்
எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று.
ஆலையும் போயிற்று, டுவேனும் போனான்.
முப்பத்துநான்கு பிணங்களில்
மிச்சம் நானும், ஃப்ளோரிடாவில் யாரோ ஒருத்தியும்.

அந்தக் கால் இப்போது நிஜமாகவே இழுக்கிறது.
போன வருடம் இடைவேளையில்
பாப்கார்ன் வாங்க இருட்டில் வரிசைகளுக்கிடையே வந்தேன்.
ஒரு வேனிலிருந்து எட்டிப் பார்த்த பையன்
வீறிட்டான் பாருங்கள்,
அப்படி ஒரு அலறல்!

ஐம்பத்தெட்டு வருடத்தில்
என் நடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு.