நிலையோடு போன கதவு

பள்ளத்தூர் மேலத் தெருவில்
பூட்டிக் கிடந்த வீட்டின் முகப்பு நிலையைக்
கதவோடு அறுத்துக்கொண்டு போனார்கள்.
பூட்டை யாரும் தொடவில்லை.
காரைக்குடிக் கிட்டங்கியில் மீட்டபோதும்
அது பூட்டியேதான் இருந்தது.

ரைட்டர் லீவு. என்னை உட்கார வைத்தார்கள்.
எதிரி ஒன்று, எதிரி இரண்டு என
ஐந்து பேரை வரிசைப்படுத்த வேண்டும்.
கூட்டுச் சதிக்குப் புது எண் அறுபத்தொன்று;
விரல் இன்னும் நூற்றிருபது பி என்றே அடிக்கிறது.

அறுத்தவன் இருளாண்டி.
பிடித்தபோது காதுமடலில் பர்மாத் தேக்கின் தூள்.
அவனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. செய்தான்.
மற்ற நாலு பேர்தான் கஷ்டம்.

வண்டி ஓட்டிய சவரிராஜ் சொல்கிறான்:
"வாடகை பேசுனேன் சார், கட்டில்னாங்க."
கட்டில் ஏற்ற எவன் ராத்திரி ஒன்றரைக்கு
ஹெட்லைட்டை அணைத்துக்கொண்டு வருவான்?
அந்த அணைந்த விளக்கைத்தான் நான் எழுத வேண்டும்,
வண்டியை அல்ல.

வாட்ச்மேன் உடையப்பன் தூங்கிவிட்டானாம்.
தூங்குவது குற்றமில்லை.
தூங்குகிறேன் என்று
முதல் நாளே ஒத்துக்கொண்டால்?

தெய்வானை அழவில்லை.
"நாய்க்குச் சோறு போட்டது குத்தமா?"
நாலு ராத்திரி போட்டிருக்கிறாள், கறித்துண்டு வைத்து.
ஐந்தாம் ராத்திரி நாய்
அவள் வாசலில் படுத்துக் கிடந்தது.
சோறு அதே சோறு.
நடுவில் எங்கேயோ அது வேறாகியிருக்கிறது.
எந்த உருண்டையில் என்று கேட்கிறார் இன்ஸ்பெக்டர்.

ஐந்தாவது ஆள் ஊருக்கே வரவில்லை.
அடைக்கப்பன், சென்னை.
அந்த வீட்டில் முப்பத்தேழு பங்கில் ஒன்று அவருக்கு.
ஒரு போட்டோ, அதன்மேல் உயரம், அகலம்.
கீழே ஒரு வரி:
வியாழன் பக்கத்து வீட்டார் மதுரைக் கல்யாணத்தில்.
அவ்வளவுதான் அனுப்பியிருக்கிறார்.
என் கதவை நானே திருடுவேனா என்கிறார், வக்கீல் வழியாக.
முப்பத்தேழில் ஒன்று என்றால்
ஒரு கீல் வரும். இரண்டு குமிழ் வரலாம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
சொன்னவன் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியவன் இல்லை.
வில்லை இரவல் கொடுத்தவன்,
மான் அங்கே நிற்கிறது என்று கை காட்டியவன்,
நாண் சத்தம் கேட்காதபடி இருமியவன்,
இவர்களுக்குப் பழமொழியில் இடமில்லை.
குற்றப்பத்திரிகையில் உண்டு.

அடைக்கப்பனை முதல் எதிரியாக்கு என்றார் எஸ்.ஐ.
மாற்றினேன். இருளாண்டி ஐந்துக்கு இறங்கினான்.
லாக்கப் கம்பியருகே போய்ச் சொன்னேன்.
"தண்டனை குறையுமா சார்?"
நம்பர் மட்டும்தான்டா என்றேன்.

ஆவணங்களோடு பட்டா புத்தகமும் வந்திருக்கிறது,
பூட்டிய வீடுகளில் ரோந்துக்காரர் கையெழுத்துப் போடுவது.
அன்று இரவு இரண்டு மணிக்கு ஒரு கையெழுத்து.
என்னுடையது.

மழை வரும்போல இருந்தது.
பத்து, இரண்டு, நாலரை
மூன்றையும் சாயங்காலமே போட்டுவிட்டேன்,
ஒரே மை, ஒரே சாய்வு.
உடையப்பன் பக்கத்தில் நின்று பார்த்தான்.
பேனா அவனுடையது.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
தெரிந்து செய்தால்தானே உடந்தை.
சட்டம் என் பக்கம்தான்; பிரிவை இரண்டு தடவை
படித்துப் பார்த்துவிட்டேன்.
தாளுக்கு நாற்பத்தொன்று என்று பக்க எண் போட்டுக்
கட்டில் கோத்தேன்.

கதவை ஸ்டேஷன் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.
சுவர் இல்லாத கதவு.
குழாயடிக்குப் போகிறவர்கள்
சுற்றிக்கொண்டு போகிறார்கள்.
நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய்
டார்ச் அடித்துப்
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

பூட்டியிருக்கிறது.