தூங்கக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை

போனஸ் தள்ளிப்போனதால் இந்த வருஷம் ஊட்டி.
ஒரு பஸ், ஐம்பத்திரண்டு பேர், ஒரு அண்டா தக்காளி சாதம்.
எல்லோரும் படகுத்துறை வரிசையில் நிற்க
நாங்கள் மூன்று பேர் மட்டும்
மரம் பார்க்கலாம் என்று இந்தப் பக்கம் வந்தோம்.
சிரித்தார்கள்.
திருப்பூரில் இல்லாத மரமா என்றார் மேஸ்திரி.
திருப்பூரில் ஏது மரம்.

உள்ளே எல்லா மரத்துக்கும் தகடு அடித்திருந்தார்கள்.
ஒரு பெயர், அதன் கீழே வாயில் நுழையாத இன்னொரு பெயர்,
குடும்பம், சொந்த ஊர்.
ஒன்று ஆஸ்திரேலியா என்றது. ஒன்று ஜப்பான்.
எனக்குக் கை பரபரத்தது.
எட்டு வருஷமாக நான் பார்ப்பது இதைத்தான்.
பனியனின் கழுத்தைத் திருப்பி
அளவு சரியா, நாடு சரியா,
எத்தனை டிகிரித் தண்ணீரில் அலசலாம் என்பது சரியா.
தப்பென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.

செங்கமலம் பஸ் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை.
நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவள்.
கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும்
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்,
ஸ்பீக்கர் திறந்துவிட்டது.

சரிவின் கடைசியில் ஒரு பெரிய மரம்.
அதன் தகட்டைப் பட்டை மூடிக்கொண்டு வந்திருந்தது,
வெற்றிலை அதக்கிய வாய் போல.
ஆணியைக் காணோம்.
பெயரில் 'ரம்' மட்டும் மிச்சம்.
என்ன மரமாக இருக்கும் என்றாள் ஜெரினா.
"மரந்தான்" என்றாள் செங்கமலம்,
துப்பட்டாவை விரித்தாள்,
படுத்தாள்,
தூங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம்.
டிக்கெட் எடுத்திருக்கிறோம்.
ருத்ராட்ச மரம் இருக்கிறதாம், பார்க்கவில்லை.
குளத்தில் வாத்து இருக்கிறதாம்.
ஜெரினா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
சிக்னல் தேடி மேடேறினாள்.

காக்கிச் சட்டையில் ஒரு பெண் வந்தாள்,
மார்பில் மாதி என்று பெயர்,
என் வயதுதான் இருக்கும்.
"இங்க படுக்கக் கூடாதுங்க."
எங்கே எழுதியிருக்கிறது என்றேன்.
இருவரும் வாசல்வரை நடந்துபோய்
பச்சைப் பலகையின் முன்னால் நின்றோம்.
பூப் பறிக்கக் கூடாது. பந்து விளையாடக் கூடாது.
நெகிழிப் பை கூடாது. மது கூடாது.
மரத்தில் பெயர் செதுக்கக் கூடாது.
விரல் வைத்து இரண்டு முறை வாசித்தாள் மாதி.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"நாலு மணிக்கு ரேஞ்சர் வருவாருங்க.
அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் இருக்கேன்."

திரும்பி வந்தபோது பனி இறங்கியிருந்தது.
எதிர்வரிசை மரங்கள் இல்லை.
பிறகு பக்கத்து மரங்களும் இல்லை.
எங்கோ உயரத்தில் ஒரு பறவை
கொடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கேட்பதுபோல்
விடாமல் கத்திக்கொண்டிருந்தது.
செங்கமலத்தின் கழுத்தில் ஒரு எறும்பு.
தட்டிவிடப் போனேன்.
இரவல் ஸ்வெட்டரின் லேபிள் வெளியே துருத்தியிருந்தது.
பழக்கம். திருப்பிப் பார்த்தேன்.
பிழியக் கூடாது. வெயிலில் உலர்த்தக் கூடாது.
உள்ளே செருகிவிட்டுப்
பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
பேன்ட் பின்பக்கம் முழுக்க ஈரம்.

நாலுக்கு எழுப்பினேன்.
கன்னத்தில் ஒரு இலையின் நரம்பு முழுசாகப் பதிந்திருந்தது.
"எல்லாம் பாத்தாச்சா?" என்றாள்.
பாத்தாச்சு என்றேன்.

இறங்கும்போது பஸ் முழுக்கப் படகுப் படங்கள்,
ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகள், இரண்டு விரல்கள்.
எங்களிடம் ஜெரினா மேட்டிலிருந்து எடுத்த ஒன்றுதான்:
பாதி பனி,
ஒரு பெரிய மரம்,
அடியில் சுருண்டு கிடக்கிற நீலம்.
சொல்லாவிட்டால்
யாரோ மறந்துவிட்டுப்போன துணி என்றுதான் நினைப்பீர்கள்.