ஈரம் பத்தொன்பது

கொள்முதல் நிலையத்துப் பையன்
குத்தூசியால் மூட்டையைக் குத்தி
ஒரு பிடி நெல்லை மெஷினில் போட்டான்.
பத்தொன்பது என்றது.
"பதினேழுக்கு மேல எடுக்க மாட்டாவக்கா,
ரெண்டு நாள் ரோட்டுல விரிச்சுப் போடுங்க."
நான் வானத்தைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான், ஒரு மரியாதைக்கு.

ஐப்பசி நாலு.
மேற்கே மலை தெரியவில்லை, மழைக்கருக்கல்தான் தெரிந்தது.
சேரன்மாதேவி ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு
எங்கள் கார் நெல்.
மூன்று மணி பஸ்காரர்
வண்டியை மண்ணில் இறக்கி,
ஒரு மணி மிதிபடாமல் ஓரமாய்ப் போனார்.
அதை எந்தப் பத்தியில் எழுத?

மற்றதெல்லாம் எழுதியாயிற்று
மகளின் கெமிஸ்ட்ரி நோட்டுக் கடைசிப் பக்கத்தில்.
அறுப்பு மெஷின் மூன்றேகால் மணி நேரம்
(கீழ வயல் சாய்ந்துவிட்டது, அதற்கு முக்கால் மணி கூடுதல்).
பூச்சி மருந்து, கடையில் பாக்கி.
சொசைட்டியில் என் வளையல் இரண்டு,
அதற்கு வட்டி மட்டும்.
போன கார் ஐம்பத்தெட்டு மூட்டை.
இந்தக் கார் முப்பத்தொன்று.
கடைசி மூட்டை பாதிதான் நிறைந்தது,
வீம்புக்கு ஒன்று என்று எழுதினேன்.

நாற்று பாவ ஆனியில் கால்வாயைக் கெஞ்சினோம்,
வரவில்லை.
பயிர் பூக்கிற சமயம் பார்த்து
நாலு நாள் விடாமல் பெய்தது,
பந்திக்குக் கூப்பிட்டபோது வராத சொந்தம்
பாத்திரம் கழுவும் நேரத்துக்கு வந்தமாதிரி.
மேல வயலில் கதிர் நிமிர்ந்தே நின்றது.
"பயிர் ஜோரா நிக்கு" என்று
பைக்கை நிறுத்திச் சொல்லிப் போனார்கள்.
நிமிர்ந்த கதிருக்குப் பயப்பட
எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும்.

பலவேசம் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.
வைக்கோல் கட்டுகளைக் கேரளா லாரியில் ஏற்றிவிட்டு வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:
"பிசானம் போடலை. கெடக்கட்டும் சவம்."
கிழக்கு வரப்பு வரைக்கும்
வெள்ளைக் கல் நட்டாயிற்று, பிளாட்டு.
திருப்பூரிலிருந்து கொழுந்தன் போன் செய்யும்போதெல்லாம்
அந்தக் கல்லைத்தான் விசாரிக்கிறார்.
நெல்லை விசாரிப்பதில்லை.

ராத்திரி பத்தரைக்குத் தூறல்.
ரெண்டு பேரும் ஓடிப்போய்
நெல்லைக் கூட்டி, தார்ப்பாயை இழுத்து மூடினோம்.
மூன்று மூலைக்குக் கல் கிடைத்தது.
நாலாவது மூலையில் நான் உட்கார்ந்தேன்.
காற்று தூக்கிய இடத்தில் அவர்.
தார்ப்பாய்க்கு அடியில்
காய்ச்சல் பிள்ளையின் முதுகுபோல
நெல் சுட்டது.

ஒரு லாரி ஒதுங்கிப் போனது.
வெளிச்சத்தில் அவர் காலைப் பார்த்தேன்,
முழங்கால்வரை புதுச்சேறு.
ரோட்டில் ஏது சேறு?
கால்வாயில் தண்ணீர் விட்டது
சாயங்காலம்தான்.
நான் கேட்கவில்லை.
வெகுநேரம் கழித்து,
மழையிடம் பேசுவதுபோல,
"பிசானத்துக்கு வெத என்ன வெல விக்கான்?"

முந்தாநாளே கேட்டு வைத்திருந்தேன்,
அதே பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால்.
மூட்டைக்கு நூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன்.