மாதிரிக் கோப்பை

துபாய்த் திருவிழாத் திடல்.
ரெண்டு டிக்கெட்டுக்கே அறுபது திர்ஹம்.
"இனி எல்லாம் ஓசியில்தான்" என்றாள் ரமீசா.

ஏமன் கடையில் குச்சி நுனியில் தேன்,
கிலோ எண்ணூறு.
வாங்கப் போகிறவள்போல் நெற்றியைச் சுருக்கி
"வேறு காட்டுங்க" என்றாள்,
நான்கு முறை.

ஒட்டகப் பால், கட்டைவிரல் உயரக் கோப்பையில்.
"உப்புக் கரிக்குது"
என்றவள் என்னுடையதையும் குடித்தாள்.

துருக்கிக்காரன் மணியடித்து
கோனை நீட்டினான், இழுத்தான், கவிழ்த்தான்.
கூட்டம் சிரித்தது.
இவள் கோனை விட்டுவிட்டு
அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
ஆட்டம் அங்கே முடிந்தது.

பார்க்கிங்கில் வண்டியைத் தேடும்போது
அவள் கைப்பையில் ஏதோ சலசலத்தது.
ஏழு காலிக் கோப்பைகள்,
ஒன்றுக்குள் ஒன்றாக.

"கழுவி வைங்க.
விசா இன்னும் ஒன்பது நாள்தானே,
அப்புறம் ஒரு ஆளுக்கு
டீ இந்த அளவு போதும்."